கார் ஏசி ஃபேன் ஊதவில்லையா? மோட்டார் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஏசியைப் போட்டதும் வரவேண்டிய அந்த உஸ்ஸென்ற காற்றுச் சத்தம் வரவில்லை. குமிழை ஒன்றில் வைத்தாலும் சரி, நான்கில் வைத்தாலும் சரி, டேஷ்போர்டு திறப்பில் கையை வைத்தால் ஒன்றுமே இல்லை. பட்டனில் விளக்கு மட்டும் எரிகிறது. ஹீட்டருக்கு மாற்றிப் பார்த்தாலும் அதே கதை. இந்த இடத்தில் நிறையப் பேர் "மோட்டார் போயிடுச்சு" என்று முடிவுகட்டி, புது மோட்டார் வாங்கி, குளோவ் பாக்ஸுக்கு அடியில் தலையை நுழைத்துக் கஷ்டப்பட்டு அதை மாட்டி, சாவியைத் திருப்பும்போதுதான் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். கழற்றிப் போட்ட பழைய மோட்டார் நல்ல நிலையில் இருந்திருக்கும்.

காரில் இதுவரை ஒரு ஃபியூஸைக்கூடக் கழற்றிப் பார்க்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்), ஒரு டெஸ்ட் லேம்ப் (கரன்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு), கொஞ்சம் பொறுமை, இவ்வளவு இருந்தால் குறை எந்தப் பாகத்தில் என்பதை நீங்களே பிடித்துவிடலாம். கடைசியில் வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தாலும் பரவாயில்லை. "ஃபேன் ஓடல" என்று சொல்லி வண்டியை விடுவதும், "மோட்டார் பிளக்கில் 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் இருக்கிறது, ஆனால் சுற்றவில்லை" என்று சொல்லி விடுவதும் ஒன்றா என்ன? இரண்டாவதாகச் சொன்னால் யாரும் உங்களிடம் தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொல்ல மாட்டார்கள்.

எந்த ஃபேன் என்பதில் தெளிவாகுங்கள்

காரில் ஏசியோடு சம்பந்தப்பட்ட ஃபேன் இரண்டு இடத்தில் இருக்கிறது. பானட்டைத் திறந்தால் முன்னால் தெரியும் ரேடியேட்டர் ஃபேன் ஒன்று. அது நின்றால் உள்ளே காற்று வரும், ஆனால் வண்டி சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி குறையும், என்ஜின் சூடும் ஏறும். இன்னொன்று டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ப்ளோயர். நாம் பேசப்போவது இதைப் பற்றி மட்டும்தான். பெரும்பாலான கார்களில் இது முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்துக்கு மேலே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அடியிலிருந்து பார்த்தால் வட்டமான பிளாஸ்டிக் மூடி, மூன்று ஸ்குரூ, அதில் ஒரு பிளக், அவ்வளவுதான் தெரியும்.

ஹீட்டருக்கும் ஏசிக்கும் இந்த ஒரே ப்ளோயர்தான். அதனால் இரண்டிலும் சேர்ந்தே காற்று நின்றுபோனால் ஒரு விதத்தில் நல்லதுதான், கேஸ், கம்ப்ரஸர், ஹீட்டர் கோர் என்று எதையும் தோண்ட வேண்டாம். நிறைய கார்களில் ப்ளோயர் ஓடாவிட்டால் கம்ப்ரஸரும் ஆன் ஆகாதபடி ஒயரிங் செய்திருப்பார்கள், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி கட்டிவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே "கம்ப்ரஸரும் எடுக்கல" என்று பதற வேண்டாம், முதலில் காற்றைக் கொண்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ப்ளோயர் வேலை செய்யாத காரை மழையிலோ பனியிலோ ஓட்டாதீர்கள். முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் அதை விரட்டுவது இந்தக் காற்றுதான். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மொத்தமாக மங்கிவிடும், கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து.

கரன்ட் எந்த வழியாகப் போகிறது

இது கொஞ்சம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். பேட்டரியிலிருந்து ஒரு பெரிய ஃபியூஸ், பெரும்பாலும் 25 முதல் 40 ஆம்பியருக்குள். அடுத்து ஒரு ரிலே, அதாவது சின்ன கரன்டை வைத்துப் பெரிய கரன்டை ஆன் ஆஃப் செய்யும் ஸ்விட்ச். அப்புறம் மோட்டார். மோட்டாரிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து நீங்கள் திருப்பும் ஸ்விட்ச், கடைசியில் பாடியில் எர்த், அதாவது கரன்ட் காரின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடம். வரிசை எல்லாக் கார்களிலும் இதேபோல இருக்காது. சிலவற்றில் ஸ்விட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னால், பாசிட்டிவ் பக்கம் இருக்கும். ஆனால் நிறைய கார்களில் சாவியைத் திருப்பியவுடன் மோட்டாரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் வந்து நின்றுவிடும், வேகத்தை எர்த் பக்கத்தில்தான் கட்டுப்படுத்துவார்கள். உங்கள் காரின் ஒயரிங் படம் கிடைத்தால் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குமிழைத் திருப்பும் சாதாரண ஏசியில் வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர். சூட்டைத் தாங்கும் கம்பிச்சுருள்கள் இரண்டு மூன்று, அல்லது ஒரு பீங்கான் அட்டை, இவ்வளவுதான் அது. முதல் வேகத்தில் எல்லாச் சுருளும் வழியில் குறுக்கே நிற்கும், இரண்டாவதில் ஒன்று விலகும், இப்படியே போய்க் கடைசி வேகத்தில் எதுவுமே குறுக்கே இருக்காது, மோட்டாருக்கு முழு கரன்ட் நேராகப் போகும். மிச்சப்படும் மின்சாரமெல்லாம் சூடாக மாறுவதால் ரெசிஸ்டரை ப்ளோயர் காற்று வந்து மோதும் இடத்திலேயே பொருத்தியிருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிகிரி போட்டு வைத்தால் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசியில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு எலெக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். முதுகில் அலுமினியப் பட்டைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் காற்றுப் பாதையில்தான் இருக்கும்.

உட்கார்ந்த இடத்திலேயே பாதி விடை

கருவியை எடுக்கும் முன் சாவியை ஆன் செய்துவிட்டு எல்லா வேகத்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் பத்து விநாடி காத்திருந்து. அவசரம் வேண்டாம், இந்த இரண்டு நிமிடம் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

கடைசி வேகம் மட்டும் ஓடுகிறது, மற்றதெல்லாம் இல்லை என்றால் அநேகமாக ரெசிஸ்டர்தான். அதில் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் சூட்டில் அறுந்திருக்கும். மோட்டார், பெரிய ஃபியூஸ், எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்பதைக் கடைசி வேகமே உங்களுக்குச் சொல்லிவிட்டது. மாறாக, கடைசி வேகம் மட்டும் இல்லை, மற்றவை ஓடுகின்றன என்றால் ஸ்விட்சில் அந்த ஒரு கான்டாக்ட், அல்லது முழு வேகத்துக்கென்று தனியாக இருக்கும் ரிலே. நடுவில் ஒரு வேகம் மட்டும் காணோம் என்றால் ரெசிஸ்டரில் ஒரு சுருளோ ஸ்விட்சில் ஒரு கான்டாக்டோ.

எதிலுமே ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த், கனெக்டர், மோட்டார், ஸ்விட்ச் எல்லாமே சந்தேகப் பட்டியலில் வரும். அப்போது மோட்டார் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் மூடியை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாக நாலு தட்டு தட்டுங்கள், ஃபேன் ஆனில் இருக்கட்டும். தட்டியதும் ஓடத் தொடங்கினால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருக்கிறது. இன்று ஓடும், நாளையும் ஓடலாம், அடுத்த வாரம் நிச்சயம் கைவிடும். தட்டியும் ஓடாமல், பிளக்கை ஆட்டும்போது மட்டும் ஓடினால் கனெக்டரில் லூஸ் கான்டாக்ட்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் குறைவு என்றால் அது வேறு விஷயம். முதலில் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், தூசி அப்பி அட்டைபோல ஆகியிருக்கலாம். நீண்ட தூரம் ஓட்டிய பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, கொஞ்ச நேரம் ஏசியை நிறுத்தினால் திரும்ப வருகிறது என்றால் உள்ளே காயிலில் பனி கட்டுகிறது. மோட்டார் வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்டும் காற்றே இல்லை என்றால் காற்றைத் தள்ளும் அந்த உருளைச் சக்கரம் ஷாஃப்ட்டிலிருந்து நழுவியிருக்கலாம்.

இன்னொன்று, குறையே இல்லாத நேரமும் உண்டு. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள சில கார்களில், குளிரில் என்ஜினை ஸ்டார்ட் செய்து ஹீட்டர் கேட்டால், என்ஜின் தண்ணீர் சூடாகும் வரை ப்ளோயரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கும். சில நிமிடம் கழித்துத் தானாக வரும். ஃபேன் வேகத்தைக் கையால் கூட்டிப் பாருங்கள், ஓடினால் ஒன்றும் பிரச்சினை இல்லை.

கையை வைக்கும் முன்

டேஷ்போர்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர்கள் ஓடுகின்றன. அவற்றின் கனெக்டர்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளாக எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள், மீட்டர் முனையையோ டெஸ்ட் லேம்பையோ அதில் குத்தவே குத்தாதீர்கள். டேஷ்போர்டு பாகங்களைக் கழற்ற வேண்டியிருந்தால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கார் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து ஆரம்பியுங்கள். சில நிமிடங்கள்தான் அது.

டெஸ்ட் லேம்ப் பழைய மாதிரி, உள்ளே இழை பல்பு இருப்பதாக வாங்குங்கள். எல்இடி வகை இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது, காரணம் கீழே வரும்.

ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும், அதில் ப்ளோயர் அல்லது ஹீட்டர் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், சிலவற்றில் ஒரு சின்ன ஃபேன் படம் மட்டும் இருக்கும். ஒரே ஃபியூஸ் என்று நினைக்காதீர்கள். மோட்டாருக்கு ஒரு பெரிய ஃபியூஸ் பானட்டுக்கு அடியிலும், ஏசி கன்ட்ரோல் பேனலுக்கு ஒரு சின்ன ஃபியூஸ் காருக்குள்ளேயும் இருப்பது சகஜம்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள், மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கழற்றாமலே சோதிக்கலாம். ஃபியூஸின் முதுகில் இரண்டு பக்கமும் சின்ன உலோகப் புள்ளி தெரியும். சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடி உலோகத்தில் மாட்டி, முனையை ஒவ்வொரு புள்ளியிலும் வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் அறுந்துவிட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கே கரன்ட் வரவில்லை, அதற்கு முன்னால் தேட வேண்டும்.

அறுந்த ஃபியூஸை அதே ஆம்பியரில் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். போட்டவுடன் மறுபடி அறுந்தால் மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போடுங்கள். இப்போது ஃபியூஸ் அறுபடாமல் நின்றால் குற்றவாளி மோட்டார், பிளக் கழற்றியும் அறுந்தால் ஒயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது. சில நிமிடம் ஓடிவிட்டு அறுந்தால் மோட்டார் அளவுக்கு மேல் கரன்ட் இழுக்கிறது. தயவுசெய்து 30 போட்டிருந்த இடத்தில் 40 போடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது மோட்டாரை என்று நினைக்கிறோம், உண்மையில் அது காப்பாற்றுவது ஒயரை. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்துச் சூடாகி உருகுவது டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயர்தான்.

ரிலேக்குச் சுலபமான சோதனை, அதே பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலேயை, ஹார்ன் ரிலே மாதிரி ஒன்றை, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. ஓடினால் ரிலே போய்விட்டது. ரிலேயில் விரலை வைத்துக்கொண்டு வேறொருவரைச் சாவி போடச் சொன்னால் ஒரு "டிக்" விரலில் தெரியும், ஆனால் டிக் வந்தாலே ரிலே நல்லது என்று அர்த்தமில்லை, உள்ளே கான்டாக்ட் கருகியிருந்தாலும் டிக் வரும். கழற்றிய ரிலேயின் கால்களையும் அது உட்காரும் சாக்கெட்டையும் நன்றாகப் பாருங்கள், பழுப்பு நிறமோ உருகிய பிளாஸ்டிக்கோ தெரிந்தால் ரிலேயை மட்டும் மாற்றிப் பலனில்லை.

மோட்டார் பிளக்கில்தான் உண்மை தெரியும்

இந்தச் சோதனையை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள், மொத்த விடையும் இதில்தான் இருக்கிறது. கீழே சொல்வது இரண்டே ஒயர் உள்ள சாதாரண மோட்டாருக்கு. பிளக்கைக் கழற்றாதீர்கள். மாட்டியபடியே, பிளக்கின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடுக்கு வழியாக மெல்லிய முனையை உள்ளே விட்டு அளக்க வேண்டும். சாவி ஆன், ஃபேன் கடைசி வேகத்தில். மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனை ஓர் ஒயரில், மறுமுனை மற்ற ஒயரில்.

12 வோல்ட்டுக்கு அருகில் காட்டியும் மோட்டார் சுற்றவில்லையா? மோட்டார் போய்விட்டது. அல்லது சக்கரத்தில் ஏதாவது சிக்கிக்கொண்டிருக்கிறது. இங்கேயே தேடல் முடிந்தது.

பூஜ்யம், அல்லது ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் அடுத்ததாக மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் நல்ல உலோகத்தில் வைத்துவிட்டு, சிவப்பு முனையை இரண்டு ஒயரிலும் தனித்தனியாக வையுங்கள். இரண்டிலும் பூஜ்யம் என்றால் மோட்டாருக்குக் கரன்டே வரவில்லை, ஃபியூஸ், ரிலே, வரும் ஒயர் என்று பின்னோக்கிப் போங்கள். வேகத்தைப் பாசிட்டிவ் பக்கம் கட்டுப்படுத்தும் காராக இருந்தால் ஸ்விட்சும் இந்தப் பட்டியலில் சேரும். இரண்டிலும் 12 வோல்ட் காட்டினால்? புதிதாகச் செய்பவர்கள் குழம்பும் இடம் இது. "இரண்டு ஒயரிலும் 12 இருக்கே, அப்போ மோட்டார்தான் போச்சு" என்று தோன்றும். ஆனால் அந்த 12 மோட்டாரின் உள்சுற்று வழியாகவே மறுபக்கம் வந்து நிற்கிறது, போய்ச் சேர எர்த் இல்லாததால். மோட்டார் உள்ளே அறுந்திருந்தால் இந்தப் பக்கம் 12 வந்தே இருக்காது. அதாவது மோட்டார் அநேகமாக நன்றாக இருக்கிறது, அறுந்தது எர்த் பக்கம். ஸ்விட்ச், முழு வேக ரிலே, எர்த் ஸ்குரூ, இவற்றில் ஒன்று.

பிளக்கைக் கழற்றாமல் அளக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஒயர் முனையில் அளந்தால், நூறில் ஒரு பங்கு கம்பி இழைதான் மிச்சம் என்றாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லாத அளவு. மூடிய குழாயில் அழுத்தம் இருக்கும், திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும், அதுபோல. மோட்டார் மாட்டியிருக்கும்போது அளந்தால் அந்த 12 மூன்றுக்கோ நான்குக்கோ இறங்கிவிடும், குறை எங்கோ வழியில் இருக்கிறது என்று உடனே புரியும். இழை பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை நான் விரும்புவதும் இதனால்தான். அது உண்மையாகவே கொஞ்சம் கரன்ட் இழுக்கும், வழி சரியில்லை என்றால் மங்கலாக எரியும். எல்இடி வகை அங்கேயும் பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். இதே காரணத்துக்காக இழை பல்பு லேம்பை எலெக்ட்ரானிக் மாட்யூலின் மெல்லிய கட்டுப்பாட்டு ஒயரில் வைக்காதீர்கள், அங்கே மீட்டர் மட்டும்.

எர்த்தைச் சோதிக்க இன்னொரு நல்ல வழி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை எர்த் ஒயர் முடியும் இடத்தில் வைத்து, ஃபேனைக் கடைசி வேகத்தில் போட்டு அளப்பது. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் ஸ்குரூவைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள்.

மோட்டாருக்கு நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பார்ப்பது

இன்னும் சந்தேகம் இருந்தால் மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து தடிமனான இரண்டு ஒயர் இழுத்து நேரடியாகக் கொடுக்கலாம். பாசிட்டிவ் ஒயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும். மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்துச் செய்வதானால் ஒரு கையால் மேசையில் அழுத்திப் பிடியுங்கள், கரன்ட் பட்டதும் அது முறுக்கிக்கொண்டு துள்ளும். அரைகுறையாகப் பிடித்தால் சக்கரத்தின் பிளாஸ்டிக் இதழ்கள் உடையும், விரலையும் பதம் பார்க்கும்.

பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றிக் கொடுத்தால் சாதாரண மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், கெட்டுவிடாது. சுவாரஸ்யமான விஷயம், எதிர்த்திசையில் சுற்றினாலும் இந்த உருளைச் சக்கரம் காற்றைத் திறப்புகளுக்குத்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. புது மோட்டார் மாட்டிய பிறகு "ஓடுது, ஆனா காத்து கம்மி" என்றால் ஒயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கில் இரண்டு ஒயருக்கு மேல் இருந்தால், அதிலும் மெல்லிய ஒயர் சேர்ந்திருந்தால், இந்த நேரடிச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் எலெக்ட்ரானிக்ஸ் மோட்டாருக்குள்ளேயே இருக்கும், கெட்டுப்போகும்.

ரெசிஸ்டர், மாட்யூல்

ரெசிஸ்டரைக் கழற்ற வழக்கமாக இரண்டு ஸ்குரூதான். கையில் எடுத்ததும் சுருளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு மீட்டரை ஓமில் வைத்துக் கால்களுக்கு இடையே அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் கீழே தொடங்கி ஒரு சில ஓம் வரை காட்டும். திறந்த சுற்று என்று காட்டினால் அந்தப் பாதை அறுந்துவிட்டது.

கழற்றிய ரெசிஸ்டரைப் பிளக்கில் மாட்டி வெளியே தொங்கவிட்டு ஃபேனைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். காற்றுப் படாத ரெசிஸ்டர் சுருள் சில விநாடியில் பழுக்கக் காய்ந்துவிடும், கீழே இருக்கும் கார்ப்பெட் கருகும். அறுந்த தெர்மல் ஃபியூஸை ஒயர் வைத்து இணைத்து ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து, காற்று நின்றாலும் சூடு நிற்காது.

மாட்யூல் இருக்கும் காரில் மூன்று விஷயம் பாருங்கள். மாட்யூலுக்கு 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா, பேனலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போது கட்டுப்பாட்டு ஒயரில் வோல்ட் மாறுகிறதா. மூன்றும் சரி, மோட்டாரும் நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது என்றால் மாட்யூல் போய்விட்டது. கட்டுப்பாட்டு ஒயரில் எதுவுமே மாறாவிட்டால் பேனல் பக்கம் பாருங்கள். கட்டுப்பாட்டு சிக்னல் சில கார்களில் துடிப்பாக வரும், மீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டும், எண் எவ்வளவு என்பதைவிட மாறுகிறதா என்பதுதான் முக்கியம்.

ஏன் போனது என்று கேளுங்கள்

எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் காரில் ஒரே வருடத்தில் மூன்று ரெசிஸ்டர் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நாலு மாதம் ஓடும், பிறகு கடைசி வேகம் மட்டும் மிஞ்சும். மலிவான ரெசிஸ்டர் என்று நினைத்து மூன்றாவது முறை நல்லதாக வாங்கிப் போட்டார், அதுவும் போனது. நாலாவது முறை இருவரும் சேர்ந்து பார்த்தோம். ரெசிஸ்டர் பிளக்கைக் கழற்றவே முடியவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்ததில் வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக், ஒரு பின்னைச் சுற்றி மட்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் கருத்து, ஓரம் இளகி வழிந்திருந்தது. மற்ற பின்கள் பளபளத்தன, இது மட்டும் சாம்பல் பூத்து மங்கியிருந்தது. மோட்டாரைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுண்டினால் சுதந்திரமாகச் சில சுற்று சுற்ற வேண்டும், இது அரைச் சுற்றில் நின்றது. ஒயரைச் சுற்றி மாட்டிக் கரன்ட் அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரால் அளந்தோம், கடைசி வேகத்தில் புது மோட்டார் இழுத்ததைவிடப் பழையது ஏறக்குறைய பத்து ஆம்பியர் அதிகம் இழுத்துக்கொண்டிருந்தது.

ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் காய்ந்த மோட்டார் சுற்றத் திணறும், திணறும் மோட்டார் கரன்டை அதிகம் இழுக்கும், அந்தக் கரன்ட் முழுவதும் ரெசிஸ்டர் வழியாகவும் அந்தச் சின்ன பின் வழியாகவும்தான் போக வேண்டும். அந்தப் பின் சூடாகி அதன் பிடி தளர்ந்தால் இன்னும் சூடாகும். இந்த நிலையில் ரெசிஸ்டரை மட்டும் மாற்றுவது காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. அவர் காரில் மோட்டார், ரெசிஸ்டர், கருகிய பிளக்குக்குப் பதில் ஒயரோடு வரும் புது பிளக், மூன்றையும் சேர்த்து மாற்றிய பிறகு பிரச்சினை திரும்பவில்லை.

கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் ரெசிஸ்டர் போகும், அதைக் குளிர்விக்கும் காற்று குறைந்துவிடுவதால். அதுதான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது. மோட்டார் கழற்றியிருக்கும்போது சக்கரத்துக்குள்ளே காய்ந்த இலை, பஞ்சு, எலி கொண்டுவந்து சேர்த்த குப்பை இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டாரில் தண்ணீர் பட்ட வெள்ளைத் தடமோ துருவோ தெரிந்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் புதியதை மாட்டாதீர்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில், தண்ணீர் வடியும் துளை இலையால் அடைபட்டிருப்பதுதான் வழக்கமான காரணம்.

திரும்ப மாட்டும்போது

மோட்டார் விளிம்பில் இருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் வளையம் பழையதில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் புதியதில் போடுங்கள். சில மோட்டார்களில் விரல் அளவு ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், அது மோட்டாருக்கே காற்று கொடுத்துக் குளிர்விப்பது, மாட்ட மறக்கும் முதல் பொருள் அதுதான். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்குரூ மூன்றையும் சமமாக இறுக்குங்கள். பிளக் "டக்" என்று பூட்டும் வரை அழுத்துங்கள்.

எல்லா வேகத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் நடு வேகத்தில் கால் மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு சாவியை அணைத்துவிட்டு மோட்டார் பிளக்கையும் ரெசிஸ்டர் பிளக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு என்றால் சரி. விரலை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பின்னை இன்றைக்கே திரும்பவும் கழற்றிப் பாருங்கள், மூடியை இன்னும் மாட்டாதீர்கள்.